கொலுசுக்குப் போட்ட தீவனம்

ஜூன் 3, திங்கள்

பர்ணி இன்று காலை புனேவுக்குக் கிளம்பிவிட்டாள். போகிற போக்கில் எனக்கே பாடம் எடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், குதிரைக்கு எப்படித் தீனி வைப்பது என்று.

குதிரையேற்றம் சொல்லிக் கொடுப்பதற்கான பயிற்சியாம். ஜூன் கடைசியில் பரீட்சை. முடித்துச் சான்றிதழோடு வந்து நம் தோட்டத்திலேயே பள்ளி தொடங்கப் போகிறாள். ராசிபுரத்தில் யார் பிள்ளையைக் குதிரை ஏற அனுப்புவார்கள் என்று கேட்டேன். "வருவாங்கம்மா. யாருமே வராட்டி மொதல்ல உன்ன ஏத்தி உடறேன்" என்றாள். இந்தப் பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இருப்பது ஒரே குதிரை. குஜராத்துக் கத்தியவாரி இனத்துப் பெட்டை, செம்பழுப்பு. நான்கு காலிலும் கணுக்கால் வரை வெள்ளை இருப்பதால் கொலுசு என்று பெயர் வைத்திருக்கிறாள். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டி வாங்கி வந்தாள். வந்த அன்று நான் அவளோடும் பேசவில்லை, குதிரையையும் பார்க்கவில்லை. இப்போது பழகிவிட்டது. குதிரையை அவள் 'அவ' என்பாள். என் வாயில் 'அது' என்றுதான் வருகிறது.

கொட்டகையில் நிற்க வைத்துச் சொன்னாள். "பில்லு, சோளத்தட்டு, காலைல ஊற வெச்ச கொள்ளு. உப்புக்கட்டி தொங்குது, அவளே நக்கிக்குவா. தண்ணி எப்பவும் இருக்கோணும். அவ்வளவுதாம்மா. டானிக்கு, பவுடரு, சத்துமாவு ஒண்ணும் வேண்டாம். ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு, எந்தச் சத்தும் கொறையில்ல. கேட்டியா?"

கேட்டேன், கேட்டேன். இருபது வருடமாகக் கோழித் தீவன மில் நடத்துகிறவள் நான். இந்த வட்டாரத்தில் பாதிக் கோழிகள் என் கணக்கில்தான் முட்டை போடுகின்றன. என்னிடம் தீவனத்தைப் பற்றிப் பேசுகிறாள்.

பஸ் ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 6, வியாழன்

நாத்தனார் ருக்குமணி, பேரனுக்குக் காது குத்துகிறோம் என்று அழைக்க வந்திருந்தார். வந்தவர் வெற்றிலைத் தட்டை வைத்தோமா, காப்பி குடித்தோமா என்று போயிருக்கலாம். கொட்டகைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.

"ஏஞ் சுலோசனா, ஊருக்கெல்லாந் தீவனம் அரைச்சுப் போடறவ ஊட்டுல குதிரைக்கு மட்டும் பஞ்சமா? வெலா எலும்ப எண்ணிப் போடலாமாட்ட இருக்குது."

"ஓடற குதிரை அப்பிடித்தான் இருக்கோணுமாம் நங்கையா. பர்ணி சொன்னா."

"அதுஞ் சரிதான். புள்ள சொன்னா நம்ம கேட்டுக்க வேண்டீதுதான்" என்று சிரித்தார் பாருங்கள், ஒரு சிரிப்பு. என் காப்பி அப்படியே ஆறிப்போனது.

அவர் போன பிறகு நானும் போய்ப் பார்த்தேன். விலா எலும்பு லேசாகத் தெரியத்தான் செய்கிறது. காது குத்து வீட்டில் இந்நேரம் பேச்சு ஆரம்பித்திருக்கும். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "குதிரை நல்லாத்தான் இருக்குது, உடு புள்ள" என்கிறார். இவருக்குக் கோழி செத்து விழுந்தால்தான் கோழிக்கு உடம்பு சரியில்லை என்பது தெரியும்.

ஜூன் 8, சனி

இன்று மில்லில் அரவை முடிந்ததும் நானே ஒரு கலவை போட்டேன். மக்காச்சோளம் உடைத்தது, கோதுமைத் தவிடு, சோயாப் புண்ணாக்கு, கொஞ்சம் எண்ணெய், தாது உப்பு, வைட்டமின். கோழிக்குப் போடுகிற எதையும் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. கிளிஞ்சல் தூள் போடவில்லை, கருவாட்டுத் தூள் போடவில்லை. குதிரை என்ன முட்டையா போடப் போகிறது.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் நல்லாயி மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். "வாசமா இருக்குதுங்க்கா. எனக்கும் ரெண்டு கை போடுங்க, கொஞ்சம் ஒடம்பு தேறட்டும்" என்றாள். அவளுக்கு உடம்பு தேறினால் கொட்டகை வாசலில் நுழைய முடியாது.

கொலுசு தின்றது. மிச்சம் வைக்காமல் தின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் தின்றது. பக்கத்தில் நின்று ஒன்று தின்பதைப் பார்ப்பதில் இருக்கிற திருப்தி எனக்கு வேறெதிலும் இல்லை.

சாயங்காலம் பர்ணி போன் செய்தாள். "என்னம்மா போடறே அவளுக்கு?"

"நீ சொன்னதத்தான் கண்ணு."

பொய் இல்லை. அவள் சொன்னதையும் போடத்தானே செய்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

கொலுசுக்குச் சாணி இளகிவிட்டது. நேற்றே இளகித்தான் இருந்ததாம், நல்லாயி இன்றைக்குத்தான் சொல்கிறாள். போய்ப் பார்த்தேன். மாட்டுச் சாணி மாதிரி தண்ணியாகப் போயிருக்கிறது.

தீவனம் மாறினால் இரண்டு நாள் இப்படி இருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் வயிறு விஷயத்தில் நான் அசட்டையாக இருக்க மாட்டேன். குஞ்சுகளுக்குக் கழிச்சல் கண்டால் முதல் வேலையாக ரத்தக்கழிச்சலைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்கென்று ஒரு மருந்து இருக்கிறது. குஞ்சுத் தீவனத்தில் அது இல்லாமல் நாங்கள் மூட்டை கட்டுவதே இல்லை. எங்கள் மில் ஆரம்பித்த புதிதில் ஒரு தடவை அதைப் போட மறந்து, ஒரு பண்ணையில் பாதிக் கொட்டகை காலியாகி, அவர்கள் வந்து வாசலில் நின்ற கதை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த மருந்தைக் கலவையில் சேர்த்திருக்கிறேன். எடைக்கு எடை கணக்குப் போட்டுப் பார்த்தேன். குஞ்சின் எடைக்கு இவ்வளவு என்றால் குதிரையின் எடைக்கு எவ்வளவு என்று. வந்ததில் கால்வாசிதான் போட்டேன். எனக்கும் நிதானம் உண்டு.

ஜூன் 12, புதன்

காலையில் தொட்டியை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூக்கால் தொட்டியைத் தள்ளிவிட்டது. நேற்றுவரை தின்ற அதே கலவைதான், அதே தொட்டிதான். நல்லாயி கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். அப்போதும் மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு தலையைத் தூக்கிக்கொண்டது.

"புடிக்கலீங்களாட்ட இருக்குதுங்க்கா."

"பிடிக்காம என்ன? எல்லாம் பழக்கந்தான்."

ஜேடர்பாளையத்து வெல்லம் வீட்டில் இருந்தது. தட்டிப் பாகு காய்ச்சிக் கலந்தேன். மோந்து பார்த்தது, மறுபடியும் திருப்பிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் பாகு ஊற்றினேன். பிறகு கையில் அள்ளி வாய்க்கு நேராகப் பிடித்து, "சாமி, ஒரே ஒரு வாய், எனக்காக" என்று கெஞ்சினேன். ஒரு பக்கக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் நக்கியது. அப்புறம் தின்றது. முக்கால் தொட்டி காலியாகிவிட்டது.

பிடிவாதத்தில் என்னை ஜெயிக்க முடியுமா? பர்ணிக்கே சோறு ஊட்டி வளர்த்தவள் நான்.

ஜூன் 13, வியாழன்

கொலுசு இன்று கொள்ளைக்கூடத் தொடவில்லை. வெயிலாக இருக்கும். தண்ணீரில் வைட்டமின் கலந்து வைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் நல்லாயி கூப்பிட்ட கூப்பாட்டில் தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கொலுசுக்கு உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றியது போல வியர்வை. பின்னங்கால் இரண்டும் நடுங்கின. ஒரு அடி எடுத்து வைத்தால் இடுப்பு ஒரு பக்கமாகச் சரிகிறது. சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். இவர்தான் டாக்டருக்குப் போன் செய்தார்.

டாக்டர் மெர்லின் சின்னப் பெண், பர்ணியைவிட நான்கைந்து வயது மூத்திருக்கலாம். நாகர்கோயில் பக்கம். பர்ணிதான் குதிரை வாங்கியபோது இவரைப் பிடித்து வைத்திருந்தாள். வந்ததும் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்க ஆரம்பித்தார். கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்ன சாப்பிடக் குடுத்தீங்க?"

"பில்லு, தட்டு, கொள்ளுங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

ரத்தம் எடுத்தார். ஊசி போட்டார். கண்ணின் உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வாசலுக்கு அந்தப் பக்கம் தெரிகிற மில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கோழித் தீவனம் எதையாவது தின்னுருக்குமா? மூட்டை ஏதும் பிரிஞ்சு கிடந்துச்சா? குஞ்சுத் தீவனம்?"

"ஏனுங்க?"

"ரத்தக்கழிச்சலுக்குப் போடற மருந்து இருக்குல்ல, அது குதிரைக்கு ஆகவே ஆகாது. கோழிக்கு மருந்து, குதிரைக்கு வெஷம். கொஞ்சமாப் போனாலும் நெஞ்சுத் தசையை அழிச்சுரும். மாத்து மருந்தே கெடையாது."

அவர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்த பிறகு கொட்டகையில் இருந்த எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. இருபது வருடமாக என் கையால் அள்ளிப் போடுகிற மருந்து அது. எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன், இதைப் போடாமல் விடாதீர்கள் என்று. விஷமா? அதுவா?

"மூட்டை பிரிஞ்சு கெடந்திருக்குமுங்க" என்று என் வாய் சொன்னது.

டாக்டர் நல்லாயியைப் பார்த்தார். "பாத்துக் கட்டி வெக்கறதில்லையா?"

நல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள். "நா எங்கயாச்சும் பாக்காம உட்டுருப்பேனுங்க" என்றாள். என் வீட்டுக்காரர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வண்டியில் ஏறப் போனார். பின்னாலேயே போனேன். எவ்வளவு உள்ளே போனது, எப்போது போனது என்பது தெரிந்தால் வயிற்றில் இருப்பதையாவது கழுவப் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நான்தான் போட்டேன், இரண்டு நாள் ஆயிற்று, இவ்வளவு போட்டேன், எடைக் கணக்குப் பார்த்துப் போட்டேன், மாட்டேன் என்றவளை வெல்லப்பாகு கலந்து தின்ன வைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தின்ன மாட்டேன்னுச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கொட்டகைக்குள் போனார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெயும் கரித்தூளும் ஏற்றினார். கொலுசு அதற்கும் பேசாமல் நின்றாள்.

டாக்டர் போன பிறகு நல்லாயியிடம் சொன்னேன், "நீ இல்ல, நாந்தான்" என்று. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. பர்ணி தன்னை மன்னிக்கவே மாட்டாள் என்று அவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

ஜூன் 15, சனி

இருக்கிறாள். நிற்கிறாள். தண்ணீர் குடித்தாள்.

கலவையைக் குழி வெட்டிக் கொட்டி மூடச் சொன்னேன். தொட்டியை நானே தேய்த்தேன், கை எரிகிற வரைக்கும்.

ஜூன் 16, ஞாயிறு

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. நெஞ்சுத் தசை கெட்டிருக்கிறது. எவ்வளவு என்பது போகப் போகத்தான் தெரியுமாம். பிழைத்தாலும் பழைய குதிரை இல்லை, யாரும் மேலே ஏறக் கூடாது என்றார் டாக்டர்.

"கட்டியே வைங்க. நடக்க விடாதீங்க. பாக்க நல்லா இருக்கற மாதிரி தெரியும், ஏமாந்துராதீங்க. ஓடினா, துள்ளினா, அந்த எடத்துலயே விழுந்துரும். முக்கியமா உங்க பொண்ணுகிட்டச் சொல்லிருங்க. அவங்களப் பாத்தா துள்ளும். வர்றதுக்கு முன்னாடியே சொல்லி, சத்தமில்லாம வரச் சொல்லுங்க."

"நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நீங்க சொன்னாத்தான்மா நல்லது" என்றார்.

மத்தியானம் பர்ணியே போன் செய்தாள். கொலுசுக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை, டாக்டர் வந்து பார்த்தார், இப்போது பரவாயில்லை என்றேன்.

"வயித்து வலியா? குதிரைக்கு வயித்து வலின்னா சாதாரணம் இல்லம்மா. நான் வரட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம் சாமி. பரீட்சைய முடிச்சுட்டு வா."

"உம்மையாலுமே பரவால்லியா?"

"நா இருக்கறனல்லோ?"

நான் இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். அதைக் கேட்டு அவள் நிம்மதியாகப் போனை வைத்தாள். இந்த நேரத்தில் சொன்னால் பரீட்சை கெடும். அது நியாயம்தானே?

ஜூன் 18, செவ்வாய்

மில்லுக்குப் போகவில்லை. நாத்தனார் வீட்டுக் காது குத்துக்கும் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 21, வெள்ளி

கொலுசு என் கையிலிருந்து புல் தின்றாள். வெறும் புல். நான் நீட்டினால் இனி வாங்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன். வாங்கினாள். கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதேன். நல்லாயி பார்க்காதது போல வெளியே போய்விட்டாள்.

இவர் பேச ஆரம்பித்துவிட்டார். "புள்ளகிட்டச் சொல்லிப்போடு."

"வரட்டுங்க. நேர்ல சொல்லிக்கிறேன்."

"நீ சொல்லலீன்னா நாஞ் சொல்றேன்."

"எம் புள்ளகிட்ட நாந்தான் சொல்லோணும். நீங்க வாயத் தொறந்தீங்கன்னா அப்பறம் நல்லா இருக்காது" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 25, செவ்வாய்

இன்னும் தேறிவிட்டாள். காது இரண்டும் நிமிர்ந்து நிற்கிறது. கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. டாக்டர் வந்து குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் சரியில்லை, கட்டியே இருக்கட்டும் என்றார். பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா என்றும் கேட்டார். சொல்லப் போகிறேன் என்றேன்.

கயிறு உராய்ந்து முகவாயில் புண்ணாகியிருக்கிறது. இவ்வளவு நாள் ஒரே இடத்தில் நிற்பது எந்த உயிருக்குத்தான் ஆகும்? வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக் கயிற்றை இழுத்து இழுத்து நின்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஜூன் 27, வியாழன்

பர்ணி பாஸ். அவள் குழுவிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். போனில் கத்தினாள், சிரித்தாள். சனிக்கிழமை சேலத்தில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து மத்தியானம் ராசிபுரம் வந்துவிடுவாள். நான் காரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே போய்விடப் போகிறேன். வீடு வரும் வழியில் ஏரிக்கரை ஓரமாக நிறுத்திச் சொல்லிவிடுவேன். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். முதலில் கொலுசு நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்பதுதான் வரமாட்டேன் என்கிறது.

கொலுசை அவிழ்த்துவிட்டேன். வேலிக்குள்ளேதான், வேப்பமர நிழல் வரைக்கும்தான். அசையாமல் நிழலில் நின்றுகொண்டிருந்தாள். ஓடவெல்லாம் இல்லை.

ஜூன் 29, சனி

எழுத முடியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நேற்று நான் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். சேலம் பஸ் ஒவ்வொன்றாக வந்தது, போனது. அவள் இறங்கவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அப்புறம் இவர் நம்பரிலிருந்து போன் வந்தது. "ஊட்டுக்கு வா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

கூடப் படித்த பெண்ணின் அப்பா சேலத்துக்குக் கார் கொண்டுவந்திருக்கிறார். நாமக்கல் போகிறவர்கள். இவளையும் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வந்திருக்கிறாள்.

நல்லாயி சொல்லித்தான் எனக்கு மற்றது தெரியும். பர்ணி கேட் பக்கம் நின்று, "கொலுசூ!" என்று கூப்பிட்டாளாம். நேற்றும் நான் அவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். வேப்பமரத்தடியில் நின்றவள் தலையைத் தூக்கினாளாம். ஒரு கனைப்பு. வாலைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடி வந்தாளாம். நல்லாயி கையிலிருந்த புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு, "கண்ணு, கூப்புடாதீங்க" என்று கத்துவதற்குள் பாதி தூரம் வந்துவிட்டாள். முன்னங்கால் இரண்டும் மடங்கின. விழுந்தாள். அவ்வளவுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது பர்ணி அந்த வெயிலில், மண்ணில், கொலுசின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோளில் பை அப்படியே மாட்டியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னப் பாத்துத்தாம்மா ஓடி வந்தா. நல்லாத்தான் ஓடி வந்தா. நான் என்னம்மா பண்ணினேன்?"

நான் என்ன பண்ணினேன் என்று கேட்கிறாள். அவள் கேட்கிறாள். ஏரிக்கரையில் சொல்வதற்கு என்று வைத்திருந்த சொல் ஒன்றுகூட வரவில்லை. குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் மெர்லின் வந்தார். குனிந்து பார்த்தார். எழுந்து பர்ணியிடம், "ஓட விடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே" என்றார். பர்ணி விழித்தாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லவே இல்லையா?"

அப்போதுதான் பர்ணி என்னைப் பார்த்தாள். அதற்கு முன்னால் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. வழியில் எதிரே வருகிற யாரோ ஒரு பொம்பளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். டாக்டர் அவளை ஓரமாகக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னார். மருந்து, கணக்கு, வெல்லப்பாகு வரைக்கும்.

இன்று காலையில் பொக்லைன் வைத்துக் குழி தோண்டினார்கள். பர்ணி ஓரமாக நின்றாள். அழவில்லை. மண் தள்ளி முடித்த பிறகு என்னிடம் வந்தாள்.

"கட்டி வெக்கச் சொன்னாங்களா?"

"ஆமா."

"அப்பறம் ஏன் அவுத்து உட்டே?"

"பாவமா இருந்துச்சு கண்ணு."

"மருந்து போட்டது?"

"நல்லதுக்குத்தான்…"

"எங்கிட்டச் சொல்லாதது?"

பரீட்சை என்று சொல்ல வாயெடுத்தேன். பதினாறாம் தேதிக்கு அது சரி. வியாழக்கிழமை பாஸாகிவிட்டேன் என்று அவள் போனில் கத்தினாளே, அன்றைக்கு என்ன தடுத்தது? என்னைப் பற்றி அவள் ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை. அது இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் வரச் சாத்தியிருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜூலை 1, திங்கள்

காலையில் பர்ணி வெளியே வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. இவர் கதவைத் தட்டித் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார். நான் தட்டவில்லை. தட்டுகிற தைரியம் இல்லை.

அடுப்படியில் நின்று சமைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சோறு வடித்தேன், பருப்புக் கடைந்தேன், கத்தரிக்காய் வதக்கினேன். பொழுது சாயும் நேரத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வந்து மேசையில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. வந்துவிட்டாளே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஓடி ஓடித் தட்டு வைத்தேன். சோறு போட்டுப் பருப்பு ஊற்றி, நெய் விட்டேன்.

அவள் கையை வைக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து மோந்து பார்த்தாள்.

"இதுல என்னம்மா போட்டிருக்கே?"

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அரிசி. தொவரம் பருப்பு. மஞ்சத்தூள், உப்பு, சீரகம். ஊட்டு நெய். கத்தரிக்காயில மொளகாத்தூள், கடலெண்ணெய்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல கண்ணு."

டாக்டரிடமும் இதையேதான் சொன்னேன், இதே சொல்லை. அது அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது. தட்டை அவள் தொடவில்லை. இவர் தன் தட்டில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

நான் அவள் தட்டிலிருந்து ஒரு வாய் அள்ளினேன். பருப்பு, நெய், கத்தரிக்காய் எல்லாம் சேர்த்து அள்ளி என் வாயில் போட்டு மென்றேன். நான் விழுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகுதான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.